அத்தா சொன்ன குறை

நான் எடுத்த படம் எதையும் என் அத்தா ஒரே தடவையில் ஒத்துக்கொண்டதே கிடையாது. எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். சிதம்பரத்தில் எங்கள் தெருவே வாயைப் பிளந்து பார்த்த படத்துக்கும் குவைத்திலிருந்து ஒரு குறை வந்து சேரும். எனக்கு அப்போது பத்து வயது. யாராவது குறை சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வருகிற ரகம் நான். இன்றைக்கும் அப்படித்தான், வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

அந்தக் கேமராவைக் கொடுத்ததும் அத்தாதான். இரண்டாயிரத்து ஏழு வாக்கில் லீவுக்கு வந்தவர், பெட்டியைப் பிரித்து எல்லோருக்கும் தைலமும் சோப்பும் செண்ட்டும் பங்கு வைத்துவிட்டு, எனக்கு மட்டும் உள்ளங்கை அளவுக்கு ஒரு வெள்ளி நிற டிஜிட்டல் கேமராவை எடுத்து நீட்டினார். "சின்னப் புள்ள கையில இவ்ளோ வெல ஜாஸ்தி சாமானா?" என்று பெரியம்மா முகத்தைச் சுளித்தார். பெரியம்மா என்றால் அத்தாவின் அண்ணன் மனைவி. நாங்களும் பெரியத்தா குடும்பமும் ஒரே வீட்டில்தான் இருந்தோம்.

"இருக்கட்டும் அண்ணி. நான் போனப்புறம் வீட்ட எடுத்து அனுப்பட்டும். அங்க ஒக்காந்து பாத்துக்கிட்டு இருப்பேன்ல" என்றார் அத்தா. பிறகு என்னிடம் குனிந்து, "நல்லா எடு. இருக்கறதுலயே நல்ல படமா ஒண்ண கழுவி, என் கட்டிலுக்கு மேல ஒட்டிக்குவேன்" என்றார்.

அது போதாதா எனக்கு? அத்தா ஊருக்குப் போன மறு நாளே வேலையை ஆரம்பித்துவிட்டேன். அத்தாவை மனசு தேடும்போதெல்லாம் அந்தச் சுவரைத்தான் நினைத்துக்கொள்வேன். நான் பார்த்தே இராத ஒரு ரூம், அதில் அத்தாவின் கட்டில், அதற்கு மேலே நான் எடுத்த படம். தூங்கி எழுந்ததும் அவர் அதில்தான் கண் விழிப்பார். அப்புறம் என்னை எப்படி மறப்பார்?

படம் போகும் வழி இதுதான். வியாழக்கிழமை சாயங்காலம் மாமா வருவார். அம்மாவின் தம்பி, கடலூர் ஓல்டு டவுன்காரர், இங்கே பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு செல்போன் கடையில் வேலை. என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு மேல வீதி பிரௌசிங் சென்டருக்குப் போவார். படங்கள் ஒவ்வொன்றாக மெயிலில் ஏறும். ஏறுவதற்குள் எனக்கு இரண்டு கொட்டாவி வந்துவிடும். வெள்ளிக்கிழமை அத்தாவுக்கு லீவு. ஜும்மா தொழுகை முடிந்து, சாப்பாடும் முடிந்து, அறையில் இருந்த ஒரு மலையாளத்துக்காரரின் கம்ப்யூட்டரில் படங்களைப் பார்த்துவிட்டுப் போன் போடுவார்.

வீட்டுக்கு இருந்தது ஒரே செல்போன். அது பெரியத்தாவின் சட்டைப் பையில் இருந்தது. அத்தா கூப்பிட்டால் அதை ஹாலில் டீப்பாய் மேல் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, எல்லோரும் சுற்றி உட்கார்ந்துகொள்வோம். அம்மா மட்டும் அடுப்படி வாசலிலேயே நிற்பாள். கடைசியில் பெரியத்தா ஸ்பீக்கரை அணைத்து அம்மாவிடம் கொடுப்பார். அம்மாவும் எல்லோர் முன்னாலும் நின்றுகொண்டு, "ம்... சாப்ட்டீங்களா... ம்... ம்..." என்று பேசி முடித்துவிடுவாள்.

இதில் ஒரு சட்டம் உண்டு. அம்மா, பெரியம்மா, யார் படமும் மெயிலில் போகக்கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்டதும் சாட்சாத் என் அத்தாதான். ஆரம்பத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பக்கத்து ரூம்காரர் யாரோ சொன்ன கதையைக் கேட்டுப் பதறிப்போய்ப் போனில் கத்தினார். "பிரௌசிங் சென்டர்ல எவன் எவனோ பாப்பான், காப்பி எடுத்து வெச்சிக்குவான். நம்ம வூட்டுப் பொம்பளைங்க படத்த மட்டும் நெட்டுல ஏத்திடாதீங்க அண்ணே." பெரியத்தா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "தம்பி சொன்னா சொன்னதுதான்" என்று மாமாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து என் படங்களில் ஆண்கள், ஆடு, கோழி, கோபுரம், நான் எல்லாம் இருந்தோம். அம்மா இல்லை.

அதன்பிறகுதான் அத்தா குறை சொல்ல ஆரம்பித்தார்.

மழையில் நனைந்த கீழ வீதியை எடுத்து அனுப்பினேன். "ரோடு நல்லா இருக்கும்மா. ஆனா வீட்டுக்குள்ள எடுத்தா என்னா?" என்றார். வீட்டுக்குள் எடுத்தேன். ஹாலில் பெரியத்தா பேப்பர் படிக்கிற படம். "அண்ணன் இருக்காரு, சரி. பின்னால அடுப்படி வாசல் பாதிதான் தெரியுது. கொஞ்சம் எடது பக்கம் தள்ளி எடுத்திருக்கலாம்." இடது பக்கம் தள்ளி எடுத்தேன். அடுப்படி வாசல் முழுசாக விழுந்தது, காலியாக. "வெளிச்சம் பத்தலையேம்மா. உள்ள யாரு இருக்கான்னே தெரியல" என்றார். உள்ளே யாரும் இல்லை அத்தா என்று நான் கத்தினேன். நான் கேமராவைத் தூக்கியதும்தான் அம்மா சட்டத்துக்குப் பயந்து உள்ளே போய்விடுவாளே!

இதெல்லாம் போகட்டும். கடலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது மாமா எங்களை எல்லாம் துறைமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். சாயங்கால வெயில் சாய்ந்து படகுகள் மேலெல்லாம் மஞ்சளாக விழுந்திருந்தது. நான் மண்டியிட்டு உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். பிரௌசிங் சென்டர்காரரே எழுந்து வந்து, "யாரு பாப்பா, நீயா எடுத்த?" என்று கேட்ட படம் அது. அத்தா கட்டிலுக்கு மேல் இதுதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அத்தா, "படகுப் படம் நல்லாத்தான் இருக்கு" என்று இழுத்தார். "யார் யாரு போயிருந்தீங்க?"

"எல்லாரும்தான்."

"எல்லாரும்னா... எந்தப் பக்கம் நின்னுக்கிட்டு இருந்தீங்க?"

"எனக்குப் பின்னாடி."

"அப்ப திரும்பி ஒண்ணு எடுத்திருக்கலாம்ல?"

"திரும்புனா எதிர் வெயில் அத்தா! எல்லாரும் கறுப்பாத்தான் வுழுவாங்க."

"வுழுந்தா என்னா இப்ப?" என்றார் அத்தா. "கறுப்பா இருந்தாலும் நமக்கு ஆளு தெரியும்ல. கறுப்பா இருந்தா வெளியாளுக்குத்தான் அடையாளம் தெரியாது."

பெரியத்தா தொண்டையைச் செருமினார். அத்தா சட்டென்று பேச்சை மாற்றி அரிசி விலை விசாரித்தார். அடுப்படி வாசலில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்ததே கோபம். பெற்ற மகள் மூச்சைப் பிடித்து எடுத்த படத்துக்கு இந்த மரியாதையா? அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. அம்மா ஊட்ட வந்தபோதும் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

வேண்டும் என்றால் நேராகக் கேட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். தபாலில் ஒரு படம் அனுப்பச் சொல்லியிருக்கலாமே என்றும் தோன்றலாம். அதற்கு அம்மா ஸ்டூடியோவுக்குப் போக வேண்டும். எதுக்கு என்று பெரியம்மா கேட்பார். பத்து வயது மகளை வைத்துக்கொண்டு, அண்ணன் காதில் விழ, ஸ்பீக்கரில், "அவளப் பாக்கணும் போல இருக்கு" என்று சொல்கிற துணிச்சல் எங்கள் வீட்டு ஆண்கள் யாருக்கும் கிடையாது. போட்ட சட்டத்தைத் தானே எடுத்துவிட்டால் அண்ணன் என்ன நினைப்பார் என்கிற கூச்சம் வேறு.

அடுத்த வாரம் மொட்டை மாடிக்குப் போனேன். கொடியில் துணி, அதற்குப் பின்னால் தூரத்தில் கோபுரம், மேலே புறாக்கள். புறா திரும்புகிற நேரம் பார்த்துத் தட்டினேன். தட்டிய பிறகுதான் தெரிந்தது, ஓரத்தில் ஒரு கை. துண்டை உதறிக் கொடியில் போடுகிற அம்மாவின் கை, கண்ணாடி வளையலோடு, முழங்கை வரைக்கும். படம் பாழ். அழித்துவிடலாம் என்று வைத்திருந்தேன். மறந்துபோனேன். வியாழக்கிழமை மாமா அதையும் சேர்த்து ஏற்றினார்.

"அது கெட்டுப்போன படம் மாமா, கை வந்துடுச்சி."

"கைதான, அது ஒண்ணும் பொம்பள படத்துல சேராது" என்று சொல்லித் தட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை அத்தா மற்ற படங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"மாடியில ஒண்ணு எடுத்தியே..."

"அது சரியில்ல அத்தா. அம்மா கை குறுக்க வந்துடுச்சி."

"ம். பாத்தேன்" என்றார். "அதே எடத்துல, அதே நேரத்துக்குப் போயி இன்னொண்ணு எடும்மா. இன்னும் கொஞ்சம் பின்னால போயி நின்னு எடு. எடுப்பியா?"

அந்தக் குரலில் அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. இந்த முறை கட்டிலுக்கு மேலே ஏறிவிடுவது என்று நான் முடிவு செய்தேன். என் கணக்கு சுலபமானது: படம் அத்தாவுக்குப் பிடித்துவிட்டது, கெடுத்தது அந்தக் கை. கை இல்லாமல் ஒன்று எடுத்துவிட்டால் குறை சொல்ல அவருக்கு என்ன இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் எழுவதற்கு முன்பே அம்மா குளித்துவிட்டாள். போன லீவில் அத்தா கொண்டுவந்த ஊதா ஜார்ஜெட் சேலையைக் கட்டி, பூ வைத்து, கையில் ஈரத்துணி வாளியோடு மாடிப்படி ஏறினாள்.

"எங்க கெளம்பிட்ட?" என்றார் பெரியம்மா.

"எங்கயும் இல்லக்கா. துணி காயப்போடத்தான்."

பெரியம்மா அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். தான் பிழிந்து வைத்திருந்த துணிகளையும் கொண்டுவந்து அம்மாவின் வாளியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

மாடியில் நல்ல வெளிச்சம். அத்தா சொன்னபடி நான் பின்னால் போய் நின்றேன். அம்மா துணி எல்லாவற்றையும் போட்டு முடித்த பிறகும் போகாமல் கொடிக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

"எங்கடி நிக்கட்டும்?"

"நீ எதுக்கு நிக்கணும்? துணி போட்டாச்சில்ல, கீழ போ."

"இந்த ஓரமா நிக்கறேன்டி. மொகம்கூட வேணாம். முழுசா வர மாட்டேன்."

"போன தடவ ஒன் கையாலதான் எல்லாம் கெட்டுச்சி. அதனாலதான அத்தா திருப்பி எடுக்கச் சொன்னாரு?"

"அதுக்கா சொன்னாரு?"

"பின்ன எதுக்காம்?"

அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பத்து வயதுப் பெண்ணிடம் என்னவென்று சொல்வாள், பாவம்! நான் கேமராவை ஆட்டி ஆட்டி அவளை விரட்டினேன். தண்ணித் தொட்டிப் பக்கம் போனாள். அங்கிருந்தும் முந்தானை தெரிந்தது. இன்னும் தள்ளு என்றேன். தள்ளினாள். தரையில் நெழலு வுழுது, போம்மா என்றேன். அதையும் எடுத்துக்கொண்டு படிக்கட்டில் இறங்கிவிட்டாள்.

"இப்ப சரியா?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"இப்பதான் சரி" என்றேன்.

புறாக்கள்கூட அன்று எனக்காகத் திரும்பின. துணி, கோபுரம், வானம், அவ்வளவுதான். துடைத்துவிட்ட மாதிரி சுத்தமான படம்.

பிரௌசிங் சென்டரில் மாமா அதைப் பார்த்துவிட்டு, "கை எங்க?" என்றார்.

"தூக்கிட்டேன்."

"நல்ல காரியம் பண்ணுன போ" என்றார். கேமராவை வாங்கி, வேறு படம் இருக்கிறதா என்று முன்னும் பின்னும் தள்ளித் தள்ளித் தேடினார். எல்லாவற்றிலும் நானும் ஆடும் கோழியும்தான். மாமா பாராட்டியதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. வண்டியில் வரும் வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே வந்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. நான் டீப்பாயை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். அத்தா சலாம் சொன்னார். லைன் போய்விட்டதோ என்று பெரியத்தா செல்லைத் தூக்கிப் பார்த்தார்.

"நல்லா இருக்கும்மா" என்றார் அத்தா. "ரொம்ப நல்லா எடுத்திருக்க. ஒரு கொறையும் சொல்ல முடியாது."

நான் எழுந்து குதித்தேன். "செவுத்துல ஒட்டுவீங்களா?"

"ஒட்டறேம்மா."

அந்தச் சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. அடுப்படி வாசலுக்கு ஓடி, "கேட்டியாம்மா, கேட்டியா?" என்று அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அம்மா என் தலையைத் தடவினாள். வழக்கம்போலப் பெரியத்தா ஸ்பீக்கரை அணைத்துச் செல்லை அவளிடம் நீட்டினார். அம்மா அதைக் காதில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள்.

"ம்" என்றாள். "ம். நின்னேன்." அந்தப் பக்கம் அத்தா என்ன கேட்டாரோ, கொஞ்சம் பொறுத்து, "ஊதா" என்றாள். "ஆமா, நீங்க வாங்கியாந்ததுதான். பூ வெச்சிருந்தேன்."

என் படத்தைப் பற்றிப் பேச வேண்டிய நேரத்தில் இது என்ன பேச்சு என்று எனக்குப் பொறுக்கவில்லை. அதில் ஊதாவும் இல்லை, பூவும் இல்லை. அம்மா தப்புத் தப்பாகச் சொல்கிறாள், அத்தாவும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்று அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து, போனைக் கொடு, போனைக் கொடு என்று நான் கையை நீட்டினேன்.