அரியலூர் லாரிச் சத்தம்

சனிக்கிழமை காலை, அரியலூரை அடுத்த ஒரு கிளை நூலகம். பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வந்து, பிள்ளைகளோடு பாயில் கடைசியாக உட்கார்ந்திருக்கிறேன். போன வருடம் இவர்களுக்கு மனக்கவனப் பயிற்சி கொடுத்தவன் நான். இந்த வருடம் வகுப்பு மலர்விழிக்குப் போய்விட்டது. அதை நூலகரிடம் திருப்பிக் கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

சுண்ணாம்புக்கல் லாரிகள் வாசலை ஒட்டியே போகும். என் வகுப்பில் நான் முதல் வேலையாக ஜன்னல்களைச் சாத்துவேன். மலர்விழி அத்தனையையும் திறந்து வைத்திருக்கிறாள்.

"எல்லாரும் கண்ண மூடிக்குங்க. லாரி சத்தம் சுத்தமா அடங்குனதும் கை தூக்கிட்டுக் கண்ணத் தொறக்கலாம். சார், நீங்களும் செய்ங்க."

லாரி கடக்கிறது. ஒரு பிள்ளைகூட அசையவில்லை. என்னிடம் இவர்கள் ஒரு நாளும் இப்படி உட்கார்ந்ததில்லை. இது எனக்கு ஏன் தோன்றாமல் போயிற்று? அரைக்கண்ணால் அவளையே பார்க்கிறேன். நூலகர் அவளைப் பார்த்துச் சிரிப்பதையும் பார்க்கிறேன். பிறகுதான் நினைவு வந்து, அவசரமாகக் கையைத் தூக்குகிறேன்.

பக்கத்துச் சிறுமி என் சட்டையை இழுக்கிறாள். "சார், அந்த லாரி போயி எவ்ளோ நேரமாச்சு! இப்ப வர்றது வேற லாரிங்க சார்."

பாய் முழுக்கச் சிரிப்பு.

"பரவால்லங்க சார், மொத நாள் எல்லாருக்கும் அப்படித்தான்" என்கிறாள் மலர்விழி.

அவள் குரலில் கேலியே இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.