இருநூற்றுப் பன்னிரண்டாவது தப்படி

இருநூற்றுப் பத்து, இருநூற்றுப் பதினொன்று, இருநூற்றுப் பன்னிரண்டு. சேதுராமன் நின்றுவிடுகிறார். இரண்டு கால்களிலும் எறும்பு ஊர ஆரம்பித்துவிட்டது. பின்தொடை இறுகுகிறது, பாதம் வேறு யாருடையதோ போல மரத்துக் கிடக்கிறது. இன்னும் பத்துத் தப்படி வைத்தால் முழங்கால் மடங்கிவிடும். தெருவின் இரண்டு முனையையும் பார்க்கிறார். பால் கொண்டுபோகிற தனக்கொடியைத் தவிர ஆளில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கைகளை முழங்காலில் ஊன்றி, இடுப்போடு முன்னால் குனிகிறார். இருபது மூச்சு விடுவதற்குள் எறும்பெல்லாம் இறங்கிப் போய்விடுகிறது. எல்லாம் சரிதான். ஆனால் அவர் குனிந்து நிற்பது மணவாளன் வீட்டு வாசல்.

ஏம்பலம் கிராமத்தில் வேறு யார் வாசலாக இருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆறு காணி கரும்பு, மூன்று காணி நெல், அறுபத்திரண்டு வயது. நிமிர்ந்த நடைக்கு ஊரில் பேர்போனவர். வீடு கட்டியபோது நிலைவாசல் தலையில் இடிக்கும் என்று தெரிந்ததும், எல்லோரையும் போலக் குனிந்து நுழைந்துவிட்டுப் போகாமல், வைத்த நிலையைப் பெயர்த்து முக்கால் அடி உயர்த்தச் சொன்னவர். கோயிலில் விபூதி வாங்கும்போதுகூடத் தலையைத் தாழ்த்துவதில்லை. குள்ளமான குருக்கள்தான் பாவம், இவர் நெற்றிக்கு எக்குவார்.

மணவாளன் பக்கத்து நிலத்துக்காரர். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பலகையில் உட்கார்ந்து படித்தவர்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வாய்க்கால் தண்ணீருக்காகச் சண்டை வந்தது. யார் முறையில் யார் மடையைத் திறந்தார்கள் என்று இன்று கேட்டால் இரண்டு பேருக்குமே சரியாகச் சொல்லத் தெரியாது. அன்று பேசிய பேச்சு மட்டும் எழுத்துப் பிசகாமல் மனப்பாடம். "ஒரு நாளு என் வூட்டு வாசல்ல வந்து குனிஞ்சி நிப்ப, பாத்துக்க!" என்றார் மணவாளன். "என் உசுரு போனாலும் ஒன் வாசல்ல குனிய மாட்டேன்டா!" என்றார் இவர். அன்றோடு பேச்சு வார்த்தை அறுந்தது. பெண்டாட்டிமார்கள் மட்டும் அடிபம்பில் வழக்கம்போலப் பேசிக்கொண்டார்கள்.

போன ஆடியில்தான் இந்தக் கால் மரப்பு ஆரம்பித்தது. டவுன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். முதுகை அறுக்க வேண்டியிருக்கலாம், அதற்கு முன்னால் மூன்று மாதம் பயிற்சி செய்து பார்க்கட்டும் என்று சொல்லி, பெரிய டாக்டர் இவரைப் பிசியோதெரபி அறைக்கு அனுப்பிவிட்டார். அங்கே ஆதிலட்சுமி என்று ஒரு பெண், மகள் வயசு. அவள் பொறுமையாக விளக்கினாள்.

"ஐயா, முதுகெலும்புக்குள்ள நரம்பு போற வழி இடுப்புகிட்ட குறுகிப் போச்சு. மடை அடைச்சிக்கிட்டா வயலுக்குத் தண்ணி போகுமா? நிமிந்து நடந்தா அந்த வழி இன்னும் நெருங்கும். முன்னால குனிஞ்சா கொஞ்சம் திறந்து விடும்."

"அப்ப நிமிந்து நடந்ததாலதான் இது வந்துதுன்றியா?"

"இல்லய்யா, வயசால வந்துது."

அது இன்னும் அவமானமாக இருந்தது அவருக்கு.

"தினமும் நடக்கணும். கால் மரத்தா நின்னு குனியணும், சரியானதும் நடக்கணும். மூணு மாசத்துல உங்க வூட்டுலேர்ந்து நீங்க சொன்ன அந்த வாய்க்கால் மதகு வரைக்கும் ஒரே ஒரு தடவை குனிஞ்சி போய்ச் சேந்துட்டீங்கன்னா ஆபரேஷன் பேச்சே இல்ல. ஆனா வீராப்புக்கு நடந்து கீழ விழுந்தீங்கன்னா, டாக்டர் கத்தி எடுத்துடுவாரு."

கத்தி என்றதுமே சேதுராமனுக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. கரும்புக் கொல்லையில் நல்லபாம்பைக் கண்டால் பேச்சுக் கொடுக்கிற மனுஷன், ஊசியோடு வந்த நர்ஸைப் பார்த்ததும் கட்டிலுக்கு அந்தப் பக்கம் இறங்கி நின்றவர். இந்த ரகசியம் கோகிலாம்பாளுக்கு மட்டும்தான் தெரியும். அவர் மனைவி. அதாவது, அடிபம்புக்கும் தெரியும்.

விடிந்ததும் பாயில் மல்லாந்து, இரண்டு முழங்காலையும் கட்டிக்கொண்டு நெஞ்சுக்கு இழுத்து, முப்பது எண்ணும்வரை வைத்திருக்க வேண்டும். எண்ணுவது கோகிலாம்பாளின் வேலை. அவள் கீரை ஆய்ந்துகொண்டே எண்ணுவாள். "பதினேழு, பதினெட்டு, இன்னா கீரையோ, பூரா மண்ணு, பதினொண்ணு, பன்னெண்டு..."

"அடியே, பதினெட்டு ஆயிடுச்சிடி!" என்று முழங்கால்களுக்கு நடுவிலிருந்து குரல் வரும்.

"சேத்து இழுத்தா கொறஞ்சா பூடுவீங்க? இழுங்க."

அதன்பிறகு நடை. கிழக்கே மதகு, வீட்டிலிருந்து அறுநூறு தப்படி. கிழக்கே போனால் மணவாளன் வாசல் வருமே என்று முதல் வாரம் மேற்கே போய்ப் பார்த்தார். அந்தப் பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டாவது தப்படியில் சாராயக்கடை. காலை ஆறரை மணிக்கு அதன் வாசலில் முழங்காலைப் பிடித்துக் குனிந்து நிற்கிற பெரிய மனுஷனைப் பற்றி ஊர் என்ன நினைக்கும்? மூன்றாம் நாளே எதிர்வீட்டுக் காசம்மாள் வந்து, "எப்பலேர்ந்து இந்தப் பழக்கம்?" என்று கோகிலாம்பாளிடம் துக்கம் விசாரித்துவிட்டுப் போனாள். மறுநாள் முதல் கிழக்குதான்.

சைக்கிள் மட்டும் அவருக்குச் சொன்னபடி கேட்கும். ஹேண்டில்பாரில் கவிழ்ந்து மிதித்தால் பாகூர் வரைக்கும் ஒரு வலியும் கிடையாது. இதை டீக்கடை பச்சையப்பன் நம்பவே இல்லை. "அஞ்சு மைலு மிதிக்கிறாராம், அறுநூறு அடி நடக்க முடியலையாம். மணவாளங்கிட்ட சமாதானமாப் போவணும்னு இருக்குது, வாயத் தொறந்து கேக்க வெக்கம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான். ஊருக்கும் அதுதான் பிடித்திருந்தது. தலைக்கனம் இறங்கிவிட்டது, மனுஷன் தினமும் பகையாளி வாசலில் கும்பிடுகிறான் என்று மெச்சிக்கொண்டார்கள். "கும்புடலய்யா, குனியறேன்!" என்று கத்திக்கத்தி சேதுராமனுக்குத் தொண்டை கட்டியது.

மணவாளனுக்கோ ஒன்பது வருஷத்துக் கடைசியில் வாய் நிறையச் சர்க்கரை. நேரே பேசமாட்டார். வாசலில் இரும்பு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தன் செவலை மாட்டிடம் பேசுவார்.

"ஏ செவல, தெருவுல யாரோ கும்புட்டுக்கினு நிக்கிறாங்க. இன்னா வோணும்னு கேளு."

சேதுராமனும் குனிந்தபடியே, தெருநாயைப் பார்த்துப் பதில் சொல்வார். "மாட்டுகிட்ட பேசறவனுக்கு மாட்டு புத்திதான் இருக்கும், இல்ல?"

பயிற்சி வீண்போகவில்லை. ஐந்தாவது வாரத்தில் ஒருநாள் இருநூற்றுப் பன்னிரண்டு தாண்டியும் கால் மரக்கவில்லை. மணவாளன் வாசலை நிமிர்ந்த முதுகோடு கடந்தார். ஒரு நாட்டைப் பிடித்த மாதிரி இருந்தது. இருநூற்று எழுபதில், தென்னைமரத்தடியில், யாருமில்லாத இடத்தில் ஆசைதீரக் குனிந்தார். அன்று வீட்டுக்கு வந்து கோகிலாம்பாளைப் பாயசம் வைக்கச் சொன்னார்.

மறுநாள் தென்னைமரத்தடியில் மடக்கு நாற்காலி இருந்தது. அதில் மணவாளன். பக்கத்தில் செவலை. "வூட்டாண்ட ஒரே புழுக்கம், செவல. இங்கதான் காத்து வருது."

அடுத்த வாரம் முன்னூற்று ஐம்பது, அடிபம்பு. இரண்டே நாளில் நாற்காலி அடிபம்புக்கு வந்தது. நானூற்று இருபது, புளியமரம். நாற்காலியும் புளியமரம். சேதுராமன் கால் எவ்வளவு முன்னேறியதோ அவ்வளவுக்கு மணவாளனின் நாற்காலியும் முன்னேறியது. ஆதிலட்சுமி நோட்டில் எழுதிக்கொண்ட அளவெல்லாம் ஊருக்கு அந்த நாற்காலியைப் பார்த்தே தெரிந்தது.

மூன்று மாதம் முடிய ஒருநாள் இருந்தது. மறுநாள் விடிந்தால் ஆஸ்பத்திரி. முந்தின ராத்திரி பெய்த மழையில் இடுப்பு இறுகிக் கிடந்தது. கீரை இல்லாத நாள். கோகிலாம்பாள் ஒழுங்காகவே எண்ணினாள். சேதுராமன் கிளம்பினார். வாசல், தென்னை, அடிபம்பு, புளியமரம், ஒன்றிலும் நாற்காலி இல்லை. தூரத்தில் மதகின் மேல் இருந்தது, இவரைப் பார்த்தபடி. ஓரமாகப் பச்சையப்பனும் நாலைந்து பேரும்.

நானூற்று எண்பதில் எறும்பு ஏறியது. ஒருதடவை குனிய அனுமதி உண்டு. ஆனால் எதிரே அந்த நாற்காலி, அந்த முகம், அத்தனை ஜனம். குனிய மாட்டேன் என்று நடந்தார். ஐந்நூறு. ஐந்நூற்றுப் பத்து. பாதம் தரையில் படுவதே தெரியவில்லை. ஐந்நூற்று இருபதில் வலது முழங்கால் ஒருதரம் மடங்கி நிமிர்ந்தது. உடம்பெல்லாம் குப்பென்று வேர்த்தது. கத்தி கண்ணுக்குத் தெரிந்தது. அப்படியும் அடுத்த தப்படிக்குக் காலைத் தூக்கினார்.

"டேய் சேது!"

மணவாளன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். செவலையிடம் இல்லை, நேராக இவரிடம், ஒன்பது வருஷத்துக்கு அப்புறம்.

"வுழுந்தா அறுத்துடுவாங்கடா! குனிடா! குனிஞ்சித் தொலடா!"

சேதுராமன் குனிந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மண்ணைப் பார்த்தபடி முப்பது மூச்சு எண்ணினார். கண்ணிலிருந்து ஏதோ சொட்டியது. வேர்வைதான் என்று பிற்பாடு சாதித்தார். எறும்பு ஒவ்வொன்றாக இறங்கியது.

தலையைத் தூக்கியபோது பச்சையப்பன் கூட்டம் அங்கே இல்லை. யாரோ விரட்டியிருக்க வேண்டும். மணவாளன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, இவருக்கு முதுகைக் காட்டி, வாய்க்கால் தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மிச்சம் எண்பது தப்படி. எண்ணிக்கொண்டே போய் மதகைக் காலால் தொட்டார் சேதுராமன். தொட்டதும் கால் மறுபடி மரத்தது. பிடித்துக்கொள்ள அங்கே வேறொன்றும் இல்லை. நாற்காலியின் முதுகுச் சட்டத்தை இரண்டு கையாலும் பற்றி, பாரம் முழுவதையும் போட்டுக் குனிந்தார். மணவாளன் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்காலி சாயாமல் இருக்க இரண்டு காலையும் அகட்டி ஊன்றி, கொஞ்சம் முன்னால் நகர்ந்து, அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.