காதில் ஏறாத 'ங்க'

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பூவத்தில் முப்பது வருடம் அரிசி மில் ஓட்டியவன். இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்தியே பழகிவிட்டது.

மகனுக்குக் கல்யாணமாகி ஆறு மாதத்தில் மருமகளோடு பேச்சை நிறுத்திவிட்டேன். படித்த பெண், பள்ளிக்கூடத்தில் வேலை. ஆனால் "மாமா, சாப்பிட வா", "மாமா, உக்காரு" என்றுதான் பேசினாள். மாமனாரை வா, போ என்பது எங்கள் பக்கம் எந்த வீட்டில் உண்டு? டீக்கடைக்காரர்கூட அப்படித்தான் பேச ஆரம்பித்திருந்தார். வயதானவனுக்கு அவ்வளவுதான் மதிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

"இல்லப்பா, அவ மரியாதையாத்தான் பேசுறா" என்றான் மகன். பெண்டாட்டிக்குப் பரிந்து பேசுகிறான் என்று எனக்கு இன்னும் ஏறியது. ஒருநாள் அவள் முகத்துக்கு நேரே, "ஒங்க வீட்டுல இப்படித்தான் வளத்தாங்களா?" என்று கேட்டேவிட்டேன். அவள் அழுதுகொண்டே உள்ளே போனாள். அடுத்த வாரமே மகன் தலத்தெருவில் வாடகைக்கு வீடு பார்த்தான். ஒரே பிள்ளை. மனைவி போனபிறகு எனக்கென்று இருப்பவன் அவன்தான். இருந்தாலும் "இருடா" என்று சொல்ல வாய் வரவில்லை. வீம்பு.

போவதற்கு முன் காதைக் காட்டிவிடலாம் என்று டவுனுக்கு அழைத்துப்போனான். காது சோதிக்கும் பெண் காகிதத்தால் வாயை மறைத்துக்கொண்டு, தான் சொல்வதைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். சொன்னேன்: "வா. உக்காரு. போ."

இவளுமா என்று எனக்குச் சுர்ரென்றது. மகன் என் காதருகே குனிந்தான். "அப்பா, அவங்க சொன்னது வாங்க, உக்காருங்க, போங்க."



அந்தப் பெண் படம் காட்டி விளக்கினாள். உள்காதில் நத்தைக்கூடு மாதிரி ஒரு சுருள், அதற்குள் நீர். செவிப்பறையில் மோதும் ஒலியை மூன்று குட்டி எலும்புகள் அந்த நீருக்குள் தள்ளுகின்றன. நீர் அலையும்போது உள்ளே வரிசையாக நிற்கும் நுண்ணிய முடிகள் சாய்ந்து, நரம்பு வழியே மூளைக்குச் சேதி போகிறது. கீச்சொலியைச் சுருளின் வாசலில் இருப்பவை வாங்கும். மேளத்தின் அதிர்வை உள்கோடியில் இருப்பவை. மெல்லிய ஒலியைத் தூக்கிக் கொடுப்பதும் அந்த முடிகளின் வேலைதான்.

"மில்லு எரைச்சல்ல உங்களுக்கு நெறைய செத்துப்போச்சு. சொல்லோட கடைசியில சத்தம் எறங்கி வர்ற எழுத்து ஏறல."

"திரும்ப மொளைக்காதா?"

"நாத்து மாதிரி மறுபடி நட முடியாது. மிச்சம் இருக்கறதுக்கு மிஷின் ஒதவும்."

சில நாளில் மிஷின் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மருமகள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். "வாங்க மாமா, உக்காருங்க" என்றாள்.

அடேயப்பா! முழுசாகக் கேட்டது. சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. என் வீட்டில் எனக்கு ஒருநாளும் மரியாதை குறையவில்லை.

"நீ சொன்னது எனக்குத்தாம்மா கேக்கல. பழிய ஒம்மேல போட்டுட்டேன். தப்பு என்னுது" என்றேன்.

அவள் சாக்கை இழுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். மகனும் பின்னாலேயே போனான். அங்கே அவள் அவனிடம் தணிந்த குரலில் பேசினாள். எனக்குக் கேட்காது என்ற நினைப்பு.

"தலத்தெரு வீடு வேணாம்னு வீட்டுக்காரர்ட்ட சொல்லிடுங்க."

கேட்டது.