மாமாவின் கல்வெட்டில் ஒரு பந்தி

என் கணவரின் தகப்பன் போத்தலில் தண்ணீர் குடிக்க மாட்டார். அதனால் மூன்று வருடங்களாக மகளின் பம்பர்ஸ், மாற்றுச் சட்டை எல்லாவற்றோடும் ஒரு கண்ணாடிக் கிளாஸையும் காலுறையில் சுற்றிச் சுமந்தேன். இங்கே கனடாவில் மெட்ரோ ரயிலில் போகும்போதும் "பிள்ளை, கிளாஸ் இருக்கே?" என்பார். இரண்டு கிளாஸ்கள் உடைந்தன. ஒருமுறை, கண்ணாடித் துண்டு விழுந்திருக்குமோ என்ற பயத்தில் மகளின் பால்மா முழுவதையும் கொட்டினேன். வயதானவரின் பிடிவாதம் என்று எனக்கு எரிச்சல்.

கிளினிக்கில் காத்திருந்த ஒரு நாள்தான் காரணம் சொன்னார். அவர் இளைஞனாக இருந்தபோது யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் மற்றவர்களுக்கு உள்ளே கிளாஸ். எங்கள் சாதியாருக்கு வெளியே நிற்க வைத்துப் போத்தலில் தேநீர். அந்த வழக்கத்தை உடைக்கத் திட்டம் போட்டவர் மாமா. எந்தக் கடை, எந்த நாள், யார் போவது என்று முடிவு செய்ததும் அவர். போகிறவர்களை ஒரு வீட்டு வளவில் இருத்தி, கேட்கக் கூசும் வார்த்தைகளால் தானே ஏசி, பொறுத்துக்கொள்ளப் பழக்கினாராம்.

"உள்ள போய் இருந்து, ஒரு தேத்தண்ணி தாங்கோ எண்டு மட்டும் கேக்கவேணும். ஏசினாலும் திரும்ப அதையே கேக்கவேணும். வேற கதை வேண்டாம்."

"நீங்களும் உள்ள போனீங்களோ மாமா?"

"நான் எதிர் மதகில இருந்தனான். எனக்குக் கோவம் வரும் பிள்ளை. ஒருத்தன் கை நீட்டினால் எல்லாம் பிழைச்சுப்போம்."

மாமா காலமாகிவிட்டார். முப்பத்தோராம் நாளில் வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகமான கல்வெட்டில், தேவாரங்களுக்குப் பிறகு வரும் வாழ்க்கை வரலாற்றை எழுதும் வேலை, தமிழ் படித்தவள் என்பதால் என் தலையில் விழுந்தது. எழுதி, புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருக்கும் மச்சாளுக்கு, கணவரின் அக்காவுக்கு, அனுப்பினேன். தேநீர்க் கடையைப் பற்றி எழுதிய பந்தி முழுவதும் வெட்டப்பட்டு, "சிறந்த சமூக சேவையாளர்" என்ற மூன்று சொற்களோடு திரும்பி வந்தது. மச்சாளின் மகளுக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் அன்றைக்கு வருவார்கள்.

"முடிஞ்ச கதையை ஏன் கிண்டுறீர்? கனடாவில ஆர் சாதி பாக்கினம்?" என்றார் தொலைபேசியில்.

பார்க்காவிட்டால் ஏன் வெட்டுகிறீர்கள் என்று கேட்டிருக்கலாம். தொலைபேசியை வைத்த பிறகுதான் அது எனக்குத் தோன்றியது.

கோபமே வராத என் கணவரைப் பேசச் சொன்னேன். பக்கத்து அறையிலிருந்து கேட்டதெல்லாம் "ஓம் அக்கா. ஓம். ஓம் அக்கா" தான். வெளியே வந்து, "அக்கா சொல்லுறதும் சரிதானே" என்றார். கோபம் வராதவர்கள் கேட்க வந்ததையும் மறக்கக் கூடாது என்று மாமா சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

வில்லரேயில் உள்ள அச்சகத்துக்கு நாலு மணிக்குள் அனுப்ப வேண்டும். மூன்று மணிக்கு நானே மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அந்தப் பந்தி இருக்கட்டும் மச்சாள்."

"உமக்கு விசரே? நாளைக்கு உம்மட பிள்ளைக்கும் கலியாணம் பேசவேணும்."

காலையிலிருந்து எனக்கும் அதே நினைப்புத்தான். வாயைக் கட்டுப்படுத்திக்கொண்டேன்.

"அந்தப் பந்தி இருக்கட்டும் மச்சாள்."

"படிச்ச திமிர். அப்பாவுக்குக் கிளாஸ் தூக்கினதால நீர் மகளாகிட்டீரோ?"

கண் கலங்கியது. "அந்தப் பந்தி இருக்கட்டும் மச்சாள்."

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த குழாய் நின்றது.

"அப்பாவும் இப்பிடித்தான் ஆக்கினைப்படுத்துவார்," என்றார். "போடும். ஆனா கீழ உம்மட பேரைப் போடும். குடும்பத்தார் எண்டு போடாதையும்."

ஓம் என்றேன். என் பெயரைப் போட்டு அனுப்பினேன். அந்தப் பிள்ளையின் சம்பந்தம் குழம்பினால் பழி யார் மேல் என்று யோசித்து, அனுப்பியதை மூன்று முறை திறந்து வாசித்தேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. பிள்ளைகள் காப்பகமான கார்டரியில் மகள் காத்திருப்பாள் என்று பையைத் தூக்கினேன். கனத்தது. மாமாவின் கிளாஸை இன்னும் வெளியே எடுத்து வைக்கவில்லை.