பலகைக்கு வைத்த பொட்டு

எங்கள் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்ததும் நான் செய்த முதல் காரியம், அதற்கு ஓர் உறை தைத்தது. குரோம்பேட்டைப் பக்கம் மிக்ஸிக்கு உறை போடாத வீடு ஏது? என் பழைய காட்டன் புடவையை அளவெடுத்து வெட்டி, ஓரம் அடித்து, எட்டாம் வகுப்பில் ஸ்டாண்டில் நின்ற அந்தப் பலகைக்கு மாட்டிவிட்டேன். தலைமையாசிரியை பார்த்துவிட்டு, "டீச்சர், இது பாடம் நடத்தக் குடுத்தது. மூடி வைக்க இல்ல" என்றார். தூசி அடையும் என்று சமாளித்தேன். உண்மையில் பயம். இருபத்தைந்து வருடம் சாக்பீஸ் பிடித்த கை, அந்தக் கண்ணாடியைத் தொடவே கூசியது.

உறையைக் கழற்ற வைத்தவள் முதல் பெஞ்சு மாணவி ஒருத்தி. "எங்க அம்மா சிறுசேரில ஹவுஸ்கீப்பிங் போறாங்க மிஸ். அந்த ஆபீஸ்லயும் இதே மாதிரி இருக்காம். தினமும் துடைப்பாங்களாம். ஆனா ஒரு நாள் கூட தொட்டு எழுதினது இல்லையாம்" என்றாள். "நீ எழுதுடி" என்றேன். அவள் தன் அம்மாவின் பெயரை விரலால் எழுதினாள். அதற்குப் பிறகும் உறை மாட்ட எனக்கு மனம் வருமா?

கற்றுக்கொண்டேன். பிள்ளைகள்தான் சொல்லிக் கொடுத்தார்கள், என்னைக் கிண்டல் செய்துகொண்டே. இதயப் பாடத்துக்குத் துடிக்கிற இதயம் ஒன்றைத் திரையில் ஓடவிட்டு, "மணிக்கட்டுல விரல வைங்க, உங்களோடதும் ஓடுதா பாருங்க" என்றேன். வகுப்பே மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தது. கடைசி பெஞ்சு அரட்டைக் கும்பலும் சேர்த்து.

இந்தச் சமயத்தில்தான் தலைமையாசிரியை அந்தச் செய்தியைச் சொன்னார். பள்ளிக்கு இருப்பது ஒரே பலகை. பக்கத்து ஆங்கில வழி வகுப்பும் அதைக் கேட்கிறது. பூஜை விடுமுறை முடிந்ததும் அதிகாரி வந்து என் பாடத்தைப் பார்ப்பார். சரியாக இல்லையென்றால் பலகை அங்கே போய்விடும். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தமிழில் படிக்கிற பிள்ளைக்குச் சாக்பீஸ் போதும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

விடுமுறைக்கு முந்தின நாள் வகுப்பில் ஆயுத பூஜை. பூகோள உருண்டை, அளவுகோல், விளக்குமாறு என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார்கள். பலகையின் முறை வந்தபோது சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்கள். என் கணவர் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு இப்படிப்பட்ட நேரங்களில் நானாகவே பின்னால் போய் நின்றுகொள்வேன், யாரும் சொல்ல வேண்டியதில்லை. "நீங்களே வைங்கடி" என்றேன். "நீங்கதான மிஸ் தினமும் எழுதுறீங்க, நீங்கதான் வைக்கணும்" என்று கிண்ணத்தைக் கையில் திணித்தார்கள். திரையில் வைத்தால் கெட்டுவிடும் என்று வெகு ஜாக்கிரதையாக, பிரேமின் உள் ஓரத்தில் தடிமனாக ஒரு பொட்டு வைத்து, மேலே குங்குமமும் இட்டேன்.

விடுமுறை முடிந்து முதல் நாளே அதிகாரி வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். இதயத்தைத் திறந்தேன். அது தானாகவே மூடிக்கொண்டது. மறுபடி திறந்தேன், பக்கம் தாவியது. எழுதப் போனால் நான் தொடாத இடத்தில் கோடு இழுத்தது. அணைத்துப் போட்டேன், அப்போதும் அதே கூத்து. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அதிகாரி நினைத்துக்கொண்டிருப்பார். நான் நினைத்தது வேறு. என் கை பட்டதால்தான். படித்தவள், அறிவியல் ஆசிரியை, வெட்கம்தான். ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன். என் கைராசி இந்தப் பிள்ளைகளின் பலகைக்கும் வினையாகிவிட்டது என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

வேறு வழியில்லாமல், பலகையை மாட்டிப் போன மெக்கானிக்கைக் கூப்பிட்டு, ஃபோனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"மேடம், பூஜை போட்டீங்களா?"

"ஆமா."

"பிரேமுக்கு உள்ள பொட்டு கீதா பாருங்க. அந்த ஓரத்துலதான் சென்சார் கீது. சந்தனத்த அது விரலுன்னு நெனச்சுக்கும். காலைலேர்ந்து இது நாலாவது இஸ்கூல் மேடம். எல்லா டீச்சரும் கரெக்டா அதே எடத்துல வெக்கிறாங்க. ஒரே பேஜார்!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. எனக்கு அவர் சொன்னதில் 'எல்லா டீச்சரும்' மட்டும்தான் காதில் விழுந்தது. மற்ற மூன்று பள்ளியிலும் தலை நிறையப் பூ வைத்தவர்கள் வைத்த பொட்டும் இதே வேலையைத்தான் செய்திருக்கிறது. அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா தெரியவில்லை. முந்தானையை நனைத்துப் பொட்டைத் துடைத்தேன்.

இதயம் துடிக்க ஆரம்பித்தது. நான் சொல்லும் முன்பே முப்பது பிள்ளைகளும் மணிக்கட்டில் விரல் வைத்தார்கள். சற்று நேரத்தில் பின்வரிசையில் அதிகாரியின் விரலும் அவருடைய மணிக்கட்டுக்குப் போனது. கிளம்பும்போது தலைமையாசிரியையிடம், "போர்டு இங்கயே இருக்கட்டும். அவங்களுக்கு வேற ஒண்ணு கேட்டுப் பாக்கலாம்" என்றார். பிள்ளைகள் போட்ட கூச்சலை அடக்க எனக்கு மனமில்லை.

மறு வருடம் அவர்கள் ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள். புது எட்டாம் வகுப்பில் ஆயுத பூஜை போட்ட அன்று, அந்த முதல் பெஞ்சு மாணவி சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"பின்பக்கமா வைங்க மிஸ். அங்க சென்சார் இல்ல."

"நீயே வச்சிடேன்டி."

"ஐயோ, வேணாம் மிஸ். போன வருஷம் நீங்க வச்சதாலதான் போர்டு நம்மகிட்டயே நின்னுச்சு. உங்க கை ராசியான கை."

நான் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு பலகைக்குப் பின்னால் போனேன். பொட்டு வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தேன், பிள்ளைகள் என் முகத்தைப் பார்க்காதபடி.