நாளைக்கு லீவு என்று நான்தான் சொன்னேன்

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும், மன்னியுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எந்த 'ர', எந்த 'ற' என்று இன்றும் தடுமாறுவேன். பிழைகளைத் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நான் செய்ததை மட்டும் திருத்திப் படிக்காதீர்கள்.

ஒரு குழந்தையின் படிப்பைக் கெடுத்தேன். பள்ளி நடக்கும் நாளை லீவு என்று பொய் சொன்னேன். உண்மை சொன்ன அவளை, அவள் அப்பா முன்னால் பொய்க்காரி ஆக்கினேன்!

சைதாப்பேட்டையில் தண்ணீர் கேன் போடுவது என் தொழில். வீடுகள், கடைகள், என் மகள் யமுனா அப்போது நான்காம் வகுப்பு படித்த ஆரம்பப் பள்ளி, அதன் பின்தெருவில் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டடம்... எல்லா இடத்துக்கும் என் மூன்று சக்கர வண்டி போகும். நான் பேசத் தயங்குகிறவன். கேனை இறக்குவேன், தலையை ஆட்டுவேன், வந்துவிடுவேன். அதனால்தானோ என்னவோ என்னைப் பள்ளியின் பெற்றோர் குழுவில் போட்டார்கள். எதிர்த்துப் பேச மாட்டேன் அல்லவா!

ஆற்றோரக் குடிசைகளை அகற்றி ஜனங்களை ஊருக்கு வெளியே அனுப்பியபோது பள்ளியில் பாதி காலியாயிற்று. கொஞ்சம் கையில் காசு புரண்டவர்கள் பிள்ளைகளை அசோக் நகர்ப் பக்கம் ஆங்கிலப் பள்ளிகளில் சேர்த்துவிட்டார்கள். காலியான பெஞ்சுகளில் கட்டட வேலைக்கு வந்த பீகார்க்காரர்களின் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருத்தி பிங்கி. என் மகளுக்குப் பக்கத்து இடம்.

அதிகாரி வந்து பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிப் பார்ப்பார் என்று சேதி வந்தது. வாசலில் ஆட்டோ பாபு என் வண்டியில் சாய்ந்துகொண்டு ஆரம்பித்தான்.

"இன்னா நைனா, அந்த இந்திக்காரப் புள்ளைங்கள எழுப்பிக் கேட்டா நம்ம ஸ்கூலு மானம் போயிடும். அப்பால மெயின் ரோட்டத் தாண்டி கீதே, அந்த ஸ்கூலோட சேத்துடுவாங்க. உன் பொண்ண நீ கேனு வண்டியிலதான் இட்டுக்கினு போவணும்!"

எல்லோரும் சிரித்தார்கள்.

"ஒண்ணியும் பேச மாட்டேன்றான் பாரு, காலி கேனு மாதிரி!"

நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அந்தப் பயம் உள்ளே இறங்கிவிட்டது.

பயம் மட்டும்தானா? உங்களிடம் ஏன் மறைக்க வேண்டும்... பிங்கிக்குப் படிக்கத் தெரியும் என்று எனக்குத் தெரியும்! கட்டட வாசலில் நான் இறக்கிய கேனின் மேல் ஒட்டியிருந்த தமிழை அவள் எழுத்துக் கூட்டாமல் கடகடவென்று படித்ததைக் கேட்டிருக்கிறேன். "மிஸ் பிங்கிக்குத்தான்பா நெறைய கை தட்டுறாங்க" என்று யமுனா ஒருநாள் சொன்னாள். அது எனக்குள் முள்ளாகக் கிடந்தது.

இன்னொன்றும் தெரியும். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பிங்கியை நிறுத்திவிடப் போவதாக அவள் அப்பா சொல்லியிருந்தார். வகுப்பு மிஸ் ஸ்டெல்லா டீச்சர் அவரைப் பள்ளிக்கு அழைத்துப் பேசியபோது நான் அங்கே கேன் மாற்றிக்கொண்டிருந்தேன். "அதிகாரி வர்ற அன்னைக்கு வந்து உங்க பொண்ணு படிக்கிறத ஒரு தடவ கேளுங்க. அப்புறமா முடிவு பண்ணுங்க" என்றார் டீச்சர். அவரும் தலையாட்டினார்.

அதிகாரி வருவதற்கு முதல் நாள் மாலை. கட்டடத்தில் கேன் இறக்கும்போது பிங்கியின் அப்பா அவளையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அண்ணா, நாளைக்கு இஸ்கூல்ல பெரிய சாப் வருதா? நான் வரணும்னு பிங்கி சொல்லுது. மேஸ்திரிகிட்ட கேக்கணும்."

"நாளைக்கு லீவுப்பா" என்றேன்.

யாரும் சொல்லித்தரவில்லை. பாபுகூடச் சொல்லவில்லை. எப்போதும் திக்கும் என் வாயிலிருந்து எவ்வளவு சுத்தமாக வந்தது!

"இல்ல அங்கிள்! மிஸ் வரச் சொன்னாங்க! நான் படிக்கப் போறேன்!"

"புள்ள சும்மா சொல்லுதுப்பா. நான் ஸ்கூல் கமிட்டி. எனக்குத் தெரியாதா?"

அவர் முதலில் சிரித்தார். பிறகு இந்தியில் ஏதோ திட்டி அவள் தலையில் குட்டினார். அவள் அழவில்லை... என்னையே பார்த்தாள்.

மறுநாள் யமுனா திக்கித் திக்கிப் படித்தாள். அதிகாரி "நல்லது" என்றார். டீச்சர் மட்டும் வாசலை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்கதானே அங்க தண்ணி போடுறீங்க. பிங்கி ஏன் வரல? கொஞ்சம் பாத்துட்டு வாங்களேன்."

போனேன். மணல் குவியலில், இடுப்பில் தம்பியோடு நின்றிருந்தாள். என்னைக் கண்டதும் ஓடி வந்தாள்.

"இன்னைக்கு ஸ்கூல் இருக்கா அங்கிள்?"

அந்தக் குழந்தை என்னை நம்பிவிட்டிருந்தாள்! தன் காதால் கேட்டதை விட என் வார்த்தையை...

அப்போது ஒரு சொல் போதும். ஓடிப் போயிருப்பாள். அதிகாரி போயிருந்தால் என்ன, அவள் அப்பா முன்னால் டீச்சர் படிக்க வைத்திருப்பார்! ஆனால் இருக்கிறது என்றால் நேற்றுச் சொன்னது என்ன ஆகும்? காது கேளாதவன்போல் காலிக் கேனை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

டீச்சரிடம், "ஊருக்குப் போயிட்டாங்களாம்" என்றேன். அதற்குப் பிறகு பிங்கியை அவள் அப்பா பள்ளிக்கு அனுப்பவேயில்லை. பத்து நாளில் அவர்கள் உண்மையாகவே போய்விட்டார்கள். வேறு கட்டடம், எந்தப் பக்கம் என்று மேஸ்திரிக்கும் தெரியவில்லை. ஸ்டெல்லா டீச்சர் பெற்றோர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "இந்த அண்ணன் ஒருத்தர்தான் அந்தப் புள்ளைக்காகப் போய் விசாரிச்சாரு."

கை தட்டினார்கள். நான் தலைகுனிந்து நின்றேன். கூச்சம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

யமுனா இப்போது ஏழாவது போகிறாள். எங்கே பச்சை வலை கட்டிய கட்டடத்தைக் கண்டாலும் வண்டியை நிறுத்தி மணல் குவியலைப் பார்க்கிறேன். கண்டுபிடித்து என்ன செய்வேன்? அவள் அப்பாவிடம், "உன் மகள் பொய் சொல்லவில்லை" என்பேனா? எனக்கு வாய் வருமா? இதை டீச்சரிடம் கொடுக்கவும் துணிவில்லை. உங்களிடம் கொடுக்கிறேன்... நீங்கள் என்னை அறியாதவர் என்பதால். இதுவும் கோழைத்தனம்தான்.

எழுதியது: ஜூன் மாதம், திங்கட்கிழமை, பள்ளிக்கூடங்கள் திறந்த நாள்.