வீட்டுக்குத் தெரியாது, சார்

அடுத்தவர் தப்புக்கு மன்னிப்புக் கேட்பதுதான் கால் சென்டரில் அவளுடைய வேலை. ஹெட்செட்டை மாட்டிவிட்டால், அன்றைக்கு எந்தக் கம்பெனியோ அந்தக் கம்பெனிக்காரி. இந்த வாரம், ஆண்களின் அந்தரங்கக் கோளாறுக்கு மாத்திரை விற்கும் ஒரு வெப்சைட்.

பரம ரகசியம் என்று வாய் கிழியப் பேசிய மகானுபாவர்கள், ஆர்டர் லிங்கின் கடைசி எண்ணை மாற்றினாலே அடுத்தவனின் பெயர், விலாசம், கோளாறு எல்லாம் தெரியும்படி வைத்திருந்தார்கள். யாரோ மாற்றிப் பார்த்தார்கள். ஊரார் வண்டவாளம் தண்டவாளம் ஏறியது.

அழைத்தவர்களில் ஒருவரும் நஷ்டஈடு கேட்கவில்லை. வீட்டுக்குத் தெரிந்துவிடுமா என்று மட்டும் கேட்டார்கள். முதல் நாள் அவளுக்கு மனசைப் பிசைந்தது. பிறகு மரத்துவிட்டது. "பேர் சொல்லாதீங்க சார், ஆர்டர் நம்பர் போதும்" என்பது மட்டும் அவளாகச் சேர்த்துக்கொண்டது. அழைப்புகள் பதிவாகின்றன. அவற்றைப் போட்டுக் கேட்டு சூப்பர்வைசர்கள் சிரிப்பதை அவள் பார்த்திருக்கிறாள்.

மத்தியானம் ஒரு குரல், "ஹலோ" என்றது. அவள் புருஷன்.

இரண்டு வருடமாகச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிறவன். வேறொருத்தி இருக்கிறாள் என்றே அவள் முடிவு கட்டியிருந்தாள். கேட்கவும் இல்லை, அழவும் இல்லை. சமைத்துப் போட்டாள், துவைத்துப் போட்டாள்.

"சொல்லுங்க சார்" என்றாள். "நீ..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். அவனுக்கும் குரல் தெரிந்துவிட்டது.

வைத்துவிடுவான் என்று நினைத்தாள். வைக்கவில்லை.

"பேர் வேண்டாம் சார். இது ரெக்கார்ட் ஆகுது" என்றாள் அவசரமாக.

"சரிங்க மேடம். வீட்டுல... தெரிஞ்சிருக்குமா?"

"எங்க மூலமா யாருக்கும் தெரியாது சார்."

"மாத்திரையிலயும் குணமாகலீங்க. எத்தனையோ போட்டுப் பாத்துட்டேன்."

அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. வேறொருத்தி இல்லை என்ற சந்தோஷமும் வரவில்லை. இத்தனை நாளும் இவன் தனியாக விழுங்கியிருக்கிறான் என்பது மட்டும் கல்லாக உட்கார்ந்தது.

"வீட்டுல சொல்லிடுங்க சார்."

"சொன்னா... விட்டுட்டுப் போயிடுவாங்களோன்னு பயமா இருக்குங்க."

சூப்பர்வைசர் கண்ணாடி அறையிலிருந்து நேரமாகிறது என்று கை காட்டினார்.

"போக மாட்டாங்க சார்" என்றாள். "நீங்க வேற யார்கிட்டயோ போயிட்டீங்கன்னு நெனச்சப்பவே போகலியே."